விபத்து தலைவிதியா?

ஊரில் ஒரு சாலை விபத்து நடந்துவிட்டால் போதும், "எல்லாம் தலைவிதி, யார் என்ன செய்ய முடியும்?" என்று பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள். மாணவ நண்பர்களே, இந்தப் பேச்சைச் சற்று ஆராய்ந்து பார்ப்போமா?

தமிழில் 'விதி' என்ற சொல்லுக்கு வேறு பொருள்களும் உண்டு. நியூட்டனின் இயக்க விதிகளை இயற்பியல் பாடத்தில் படிக்கிறோம். இடப்புறமாகச் செல்க என்பது சாலை விதி. காயம்பட்டவருக்கு ஈடு தர வேண்டும் என்பது சட்ட விதி. ஒரு விபத்தை எடுத்து ஆராய்ந்தால் இந்த மூன்று விதிகளுக்கும் அதில் பங்கு இருப்பது தெரியும்.

முதலில் சில எண்கள். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். 4,43,366 பேர் காயமடைந்தார்கள். இவை மத்திய அரசு வெளியிட்ட கணக்குகள். ஒரு நாளைக்கு சுமார் 462 பேர், அதாவது ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒருவர். உங்கள் வகுப்பில் முக்கால் மணி நேரப் பாடம் ஒன்று முடிவதற்குள் நாட்டில் 14 பேர் சாலையில் உயிரிழக்கிறார்கள். அதே ஆண்டில் மாநிலங்களிலேயே மிக அதிகமான விபத்துகள் நடந்தது நம் தமிழ்நாட்டில்தான், 64,105 விபத்துகள்.

இறந்தவர்களில் சுமார் 75,000 பேர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். ஏறத்தாழ 33,000 பேர் நடந்து சென்றவர்கள். மொத்த மரணங்களில் 100-க்கு 71 அதிவேகத்தால் நேர்ந்தவை. தலைவிதி என்பது யாருக்கும் எப்படியும் வரலாம். ஆனால் இந்த எண்களில் ஓர் ஒழுங்கு தெரிகிறது அல்லவா? ஒழுங்கு இருந்தால் காரணம் இருக்கும். காரணம் தெரிந்தால் தடுக்கவும் வழி இருக்கும்.

ஒரு நொடியில் எவ்வளவு தூரம்?

மணிக்கு 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர். மணிக்கு 72 கி.மீ. என்றால் நொடிக்கு 20 மீட்டர். கணக்குக்கு எளிதான இந்த இரண்டு வேகங்களையே எடுத்துக்கொள்வோம்.

சாலையின் குறுக்கே திடீரென்று ஒரு சிறுவன் ஓடி வருகிறான். ஓட்டுநரின் கண் அவனைப் பார்க்கிறது. செய்தி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளை நிலைமையைப் புரிந்துகொண்டு காலுக்குக் கட்டளை அனுப்புகிறது. கால் நகர்ந்து பிரேக்கை மிதிக்கிறது. இத்தனையும் நடக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் வண்டி சிறிதும் வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மெதுவாக வந்த வண்டி 10 மீட்டரும் வேகமாக வந்த வண்டி 20 மீட்டரும் கடந்துவிடுகின்றன.

இதை 'எதிர்வினை நேரம்' என்பார்கள். உங்கள் எதிர்வினை நேரம் எவ்வளவு என்று நீங்களே அளந்து பார்க்கலாம். தேவையானது 30 செ.மீ. அளவுகோல் ஒன்றுதான். நண்பர் அளவுகோலின் மேல்முனையைப் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிடட்டும். கீழே சுழி குறியின் இரு பக்கமும் உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நண்பர் சொல்லாமல் அளவுகோலை விட வேண்டும். உடனே நீங்கள் பிடிக்க வேண்டும். எந்தக் குறியில் பிடித்தீர்கள் என்று பாருங்கள். 10 செ.மீ. என்றால் உங்கள் எதிர்வினை நேரம் 0.14 நொடி. 20 செ.மீ. என்றால் 0.20 நொடி. 30 செ.மீ. என்றால் 0.25 நொடி. புவியீர்ப்பு முடுக்கம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இந்தக் கணக்கு சாத்தியமாகிறது.

இனிச் சோதனையைச் சற்று மாற்றுங்கள். "17-ஐ 6-ஆல் பெருக்கினால் எவ்வளவு?" என்று நண்பர் கேட்கட்டும். நீங்கள் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது அளவுகோலை விடட்டும். பலருக்கு அளவுகோல் கைநழுவிக் கீழேயே விழுந்துவிடும். கை அதே கைதான், கண்ணும் அதே கண்தான். கவனம் மட்டும் வேறிடத்தில் இருந்தது. கைப்பேசியில் பேசியபடி வண்டி ஓட்டுவது ஏன் குற்றம் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா? அளவுகோல் எப்போது விழும் என்று நீங்கள் காத்திருந்தீர்கள். சாலையில் ஓட்டுநர் அப்படிக் காத்திருப்பதில்லை. அதனால்தான் அவருக்கு ஒரு நொடி வரை தேவைப்படுகிறது.

பிரேக் பிடித்த பிறகு

பிரேக் பிடித்ததும் வண்டி நின்றுவிடாது. டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வுதான் அதை நிறுத்த வேண்டும். நல்ல டயரும் உலர்ந்த தார்ச்சாலையும் இருந்தால், வண்டியின் வேகம் ஒவ்வொரு நொடிக்கும் சுமார் 7 மீட்டர்/நொடி வீதம் குறையும். வேகத்தின் வர்க்கத்தை எதிர் முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால் வண்டி நிற்கும் தூரம் கிடைக்கும். இது நீங்கள் பாடத்தில் படித்த இயக்கச் சமன்பாடுதான்.

நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வந்த வண்டிக்கு: 100-ஐ 14-ஆல் வகுக்க, 7 மீட்டர். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வந்த வண்டிக்கு: 400-ஐ 14-ஆல் வகுக்க, 29 மீட்டர். வேகம் இரு மடங்கானதும் தூரம் நான்கு மடங்காகிவிட்டதைக் கவனியுங்கள். முதல் ஒரு நொடியில் ஓடிய தூரத்தையும் சேர்த்தால் மெதுவான வண்டி 17 மீட்டரிலும் வேகமான வண்டி 49 மீட்டரிலும் நிற்கும். மழை பெய்து சாலை நனைந்திருந்தால் உராய்வு குறையும். எதிர் முடுக்கம் 4 என்று கொண்டால் இந்தத் தூரங்கள் 22.5 மீட்டராகவும் 70 மீட்டராகவும் நீண்டுவிடும்.

இப்போது அந்தச் சிறுவனுக்குத் திரும்புவோம். அவன் 18 மீட்டர் தொலைவில் குறுக்கே வந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் வந்த வண்டி அவனுக்கு ஒரு மீட்டர் முன்னால் நின்றுவிடும். சிறுவன் பயந்துபோய் வீட்டுக்கு ஓடுவான். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் வந்த வண்டியோ அவனை அடையும்போது பிரேக்கே பிடித்திருக்காது. 20 மீட்டர் வரை ஓட்டுநரின் கால் இன்னும் பிரேக்குக்குப் போய்ச் சேரவில்லையே! சற்றும் குறையாத முழு வேகத்தில் மோதும். சிறுவன் அவனே, சாலையும் அதுவே, ஓட்டுநரின் திறமையும் அதுவே. வேகமானியின் முள் மட்டும் வேறிடத்தில் நின்றது.

அந்த வேகத்தில் மோதுவது எப்படிப்பட்டது? மேலிருந்து விழும் பொருளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் மோதுவது சுமார் 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மணிக்கு 72 கி.மீ. என்றால் சுமார் 20 மீட்டர், அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். மொட்டை மாடிச் சுவரின் ஓரத்தில் நிற்கவே நமக்குக் கால் கூசும். அதே உயரத்தின் ஆபத்து வண்டியின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும்போது தெரிவதில்லை.

தலைக்கவசத்தின் வேலை

தலைக்கவசத்தின் வெளி ஓடுதான் தலையைக் காப்பாற்றுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். வெளி ஓடு கூரான பொருள் குத்தாமல் தடுக்கும்; அடியைப் பரப்பிக் கொடுக்கும். முக்கியமான வேலையைச் செய்வது அதன் உள்ளே இருக்கும் தெர்மோகோல் போன்ற மெத்தை.

ஓடாமல் நிற்கும் வண்டியிலிருந்து ஒருவர் சாய்ந்து விழுந்தாலே அவருடைய தலை நொடிக்கு சுமார் 6 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். வெறும் தலை என்றால் தோலும் எலும்புமாகச் சேர்ந்து 3 மி.மீ. அமுங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த 3 மி.மீ. தூரத்துக்குள் வேகம் சுழியாக வேண்டும். முன் சொன்ன சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டால் எதிர் முடுக்கம் புவியீர்ப்பைப் போல் சுமார் 600 மடங்கு வரும். தலைக்கவசத்தின் மெத்தை 24 மி.மீ. நசுங்குகிறது என்றால் நிற்கும் தூரம் எட்டு மடங்கு கூடுகிறது. எதிர் முடுக்கம் எட்டில் ஒன்றாகி, சுமார் 75 மடங்காகக் குறைகிறது. மண்டையோட்டுக்குள் இருக்கும் மூளை மிக மென்மையானது. அதைப் பொறுத்தவரை முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே உள்ள வேறுபாடு உயிருக்கும் மரணத்துக்கும் இடையே உள்ள வேறுபாடாக இருக்கக்கூடும்.

இதிலிருந்து மூன்று செய்திகளைப் புரிந்துகொள்ளலாம். ஒன்று, மெத்தை இல்லாத தொப்பி போன்ற கவசம் பயன்படாது, ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்க வேண்டும். இரண்டு, தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் தலை தரையைத் தொடுமுன் கவசம் பறந்துவிடும். மூன்று, ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தின் மெத்தை நசுங்கித் தன் வேலையை முடித்துவிட்டது. வெளியே கீறல் இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். 2022-இல் தலைக்கவசம் அணியாததால் இறந்தவர்கள் என்று அரசு கணக்கிட்டவர்கள் சுமார் 50,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 14,000 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள்.

தலைக்கவசம் கட்டாயமானதற்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளில் சென்றபோது, சைக்கிளில் வந்த இரண்டு சிறுவர்கள் மீது மோதாமல் இருக்க வண்டியைத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபட்டு, ஆறு நாள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களில் ஒருவர் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை நிபுணர். இறந்தவரைப் பற்றி வருந்துவதோடு அவர் நின்றுவிடவில்லை. மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டி ஆராய்ந்து, 1941-இல் கட்டுரை வெளியிட்டார். அதன் பயனாக இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் இராணுவத்தின் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. 'விதி' என்று விட்டுவிடாமல் 'ஏன்?' என்று கேட்ட ஒருவரால் பின்னர் எத்தனையோ தலைகள் தப்பின.

காரில் இதே வேலையைச் செய்வது இருக்கைப் பட்டை. இடுப்பையும் மார்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய மும்முனைப் பட்டையை 1959-இல் வோல்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். கார் மோதி நின்றாலும் உள்ளே இருப்பவர் நிலைமத்தால் அதே வேகத்தில் முன்னே போவார். பட்டை அவரைப் பிடித்துச் சற்று நீண்ட தூரத்தில் நிறுத்துகிறது. பின் இருக்கைக்காரருக்கும் நியூட்டனின் முதல் விதி பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம்.

முதல் ஒரு மணி நேரம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில விபத்துகள் நடந்துவிடுகின்றன. அப்போது காயம்பட்டவருக்கு முதல் ஒரு மணி நேரம் மிக முக்கியம். வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தமே இருக்கிறது. வெளியேறும் இரத்தத்தைச் சீக்கிரம் நிறுத்தினால் உயிர் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

நீங்கள் அருகில் இருந்தால் செய்ய வேண்டியவை எளியவை. உடனே 108-க்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். இரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை மடித்து வைத்து விடாமல் அழுத்திப் பிடியுங்கள். கழுத்தையோ முதுகையோ வளைத்துத் தூக்காதீர்கள். தலைக்கவசத்தைப் பிடித்து இழுக்காதீர்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

"தொட்டால் போலீஸ் கேஸ் ஆகிவிடும்" என்ற பயத்தில் பலரும் ஒதுங்கிப் போவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. ஒரு ஸ்கூட்டர்க்காரரைக் கார் ஒன்று மோதிவிட்டது. வழியே சென்ற ஒருவர் அவரை அருகில் இருந்த மருத்துவமனைக்குக் கொண்டு போனார். இது போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்டது, 20 கி.மீ. தூரத்தில் உள்ள வேறு மருத்துவமனைக்குப் போங்கள் என்று அங்கே சொல்லிவிட்டார்கள். போகும் வழியில் அவர் இறந்துபோனார். செய்தித்தாளில் இதைப் படித்த பரமானந்த் கடாரா என்பவர் அந்தச் செய்தியையே ஆதாரமாக வைத்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1989-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிரைக் காப்பதே ஒவ்வொரு மருத்துவரின் முதல் கடமை. அரசு மருத்துவமனை ஆனாலும் தனியார் மருத்துவமனை ஆனாலும், போலீஸ் நடைமுறைகளுக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

உதவுகிறவர்களுக்கும் பாதுகாப்பு வந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அதற்கான நெறிமுறைகளை ஏற்று நடைமுறைப்படுத்தியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது சிவில் வழக்கோ குற்ற வழக்கோ போட முடியாது. தம் பெயரைச் சொல்லும்படியும் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

சிகிச்சைச் செலவுக்கும் வழி இருக்கிறது. விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவசச் சிகிச்சை அளிக்கும் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தின்படி, காயம்பட்ட ஒருவருக்கு 7 நாள் வரை, 1,50,000 ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெற உரிமை உண்டு.

யார் அந்த மூன்றாம் நபர்?

காயம் ஆறிய பிறகு வேறொரு துன்பம் தொடங்குகிறது. கால் முறிந்த தையல்காரர் எப்படி மிஷினை மிதிப்பார்? வீட்டு வாடகையை யார் கொடுப்பார்கள்? மோதிய லாரியின் சொந்தக்காரரிடம் பணம் இல்லாவிட்டால் யாரிடம் கேட்பது?

இந்தக் கேள்விக்கு விடையாகத்தான் மோட்டார் வண்டிகளுக்குக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருந்த இந்தப் பகுதி 1946 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. காயம்பட்டவர்கள் சாதாரண சிவில் நீதிமன்றத்தில் அலைய வேண்டாம் என்று, 1956-இல் செய்த திருத்தம் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயங்களுக்கு வழி வகுத்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1988-ஆம் ஆண்டின் சட்டம்.

'தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ்' என்று வீட்டில் பேசிக் கேட்டிருப்பீர்கள். வண்டிக்காரர் முதல் நபர். காப்பீட்டு நிறுவனம் இரண்டாம் நபர். இந்த ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத, வண்டிக்காரருக்கு முன்பின் தெரியாத ஒருவர் மூன்றாம் நபர். சாலையில் நடந்து போகிறவர், சைக்கிளில் பள்ளிக்குப் போகிற மாணவி, எதிர் வண்டியில் வருகிறவர் எல்லோரும் மூன்றாம் நபர்களே. அவர்கள் ஒரு பைசா பிரீமியம் கட்டவில்லை. ஆனாலும் இந்தக் காப்பீடு அவர்களுக்காகவே இருக்கிறது. ஓட்டியவரிடம் உரிமம் இல்லை என்றால்கூட, காப்பீட்டு நிறுவனம் முதலில் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவது உண்டு.

இழப்பீட்டுக் கணக்கு

இழப்பீடு என்பது நீதிபதி மனம்போல் கொடுக்கும் தொகை அன்று. அதற்கும் ஒரு கணக்கு முறை இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டுப் போட்டுப் பார்ப்போம்.

நம் தையல்காரருக்கு வயது 38. மாத வருமானம் 10,000 ரூபாய். வருமானம் காலப்போக்கில் உயரக்கூடியது என்பதால், 40 வயதுக்குக் குறைந்த சுயதொழில் செய்வோருக்கு 40 விழுக்காடு சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆக மாதம் 14,000 ரூபாய். ஆண்டுக்கு 1,68,000 ரூபாய். கால் காயத்தால் அவருடைய சம்பாதிக்கும் திறன் 30 விழுக்காடு குறைந்துவிட்டது என்று கொண்டால், ஆண்டு இழப்பு 50,400 ரூபாய். இதை வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்கு எண்ணால் பெருக்க வேண்டும். 2009-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி 15 முதல் 25 வயது வரை பெருக்கு எண் 18. 36 முதல் 40 வரை 15. 56 முதல் 60 வரை 9. எனவே 50,400-ஐ 15-ஆல் பெருக்க, 7,56,000 ரூபாய். மருத்துவச் செலவும், வலிக்கும் வேதனைக்கும் உரிய தொகையும் தனி.

அறுபது வயது வரை உழைக்க 22 ஆண்டுகள் இருக்க, பெருக்கு எண் ஏன் 15? நல்ல கேள்வி. இருபத்திரண்டு ஆண்டுகளில் சிறிது சிறிதாக வர வேண்டிய பணம் இப்போதே மொத்தமாகக் கைக்கு வருகிறது. அதை வங்கியில் போட்டால் வட்டி கிடைக்கும். அதற்காகவே பெருக்கு எண் குறைக்கப்படுகிறது.

இன்னொரு நுட்பமும் உண்டு. ஒரு கையை இழந்த இருவரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தச்சர், மற்றவர் அலுவலக எழுத்தர். மருத்துவர் தரும் சான்றிதழில் இருவருக்கும் ஒரே விழுக்காடு இருக்கலாம். ஆனால் தச்சரின் தொழில் அடியோடு போய்விட்டது. எழுத்தரோ வேலையில் தொடரக்கூடும். எனவே உடலின் இழப்பை மட்டும் பார்க்காமல் பிழைப்பின் இழப்பைப் பார்க்க வேண்டும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது.

சம்பாதிக்காத பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன கணக்கு? 12 வயதில் விபத்துக்குள்ளாகித் தலைக்காயத்தால் 100 விழுக்காடு செயலிழந்த ஒரு சிறுமியின் வழக்கில் 2020-இல் தீர்ப்பு வந்தது. அவள் எதிர்காலத்தில் ஒரு திறன்பெற்ற தொழிலாளியாக உழைத்திருப்பாள் என்று கொண்டு, குறைந்தபட்சக் கூலியின் அடிப்படையில் வருமான இழப்பைக் கணக்கிட்டார்கள். வாழ்நாள் முழுவதும் அவளைக் கவனித்துக்கொள்ள இரண்டு உதவியாளர்களுக்கு ஆகும் செலவையும் சேர்த்தார்கள். மொத்தம் 62,27,000 ரூபாயும் வட்டியும் தரும்படி உத்தரவாயிற்று. அந்தச் சிறுமி இழந்ததை எந்தத் தொகையும் திருப்பித் தராது. ஆனால் அவளைப் பார்த்துக்கொள்ளும் பெற்றோர் யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

எங்கே கேட்பது?

விபத்து நடந்த இடத்திலோ பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்திலோ உள்ள தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இதற்கு 6 மாதக் கெடு சொல்கிறது. ஆகவே தாமதம் கூடாது. முதல் தகவல் அறிக்கையின் நகல், மருத்துவமனைச் சீட்டுகள், மருந்துக்கடை ரசீதுகள், காயச் சான்றிதழ், சம்பள விவரம் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். தவறு யாருடையது என்று நிரூபிக்காமலே, மரணத்துக்கு 5 லட்சமும் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சமும் பெறவும் சட்டத்தில் ஒரு வழி உண்டு. மோதிய வண்டி நிற்காமல் ஓடிவிட்டு, எந்த வண்டி என்றே தெரியாவிட்டால், மரணத்துக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்கும். இதற்கு வருவாய்த் துறை அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலே அங்கு இலவசச் சட்ட உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.

சாவியை எடுக்கும் முன்

உங்களில் சிலர் அப்பாவின் பைக்கை எடுத்து ஓட்டிப் பார்த்திருக்கலாம். கியர் வண்டிக்கு உரிமம் பெற 18 வயது ஆக வேண்டும். வயது வராதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-இல் சேர்க்கப்பட்ட பிரிவின்படி வண்டி கொடுத்த பெற்றோருக்கோ சொந்தக்காரருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. ஓட்டிய சிறுவனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. காயம்பட்டவருக்குக் கொடுத்த தொகையைக் காப்பீட்டு நிறுவனம் அப்பாவிடமே திரும்பக் கேட்கலாம். தையல்காரரின் கணக்கை மறுபடி பாருங்கள்: 7,56,000 ரூபாய். ஒரு மாலை நேரச் சவாரிக்காக ஒரு குடும்பத்தின் வீடு விற்கப்பட நேரலாம். அதைவிடப் பெரிய இழப்பு, அந்தத் தையல்காரரின் கால்.

பள்ளி வாசலில் ஓர் ஆய்வு

படித்ததைச் செய்து பார்க்க ஒரு வழி சொல்கிறோம். ஆசிரியரின் துணையோடு, பள்ளி மதிலுக்கு உட்புறம் நின்றபடியே செய்யுங்கள். சாலையில் இறங்க வேண்டாம். மதில் ஓரமாக 50 மீட்டர் அளந்து இரு முனைகளிலும் அடையாளம் வையுங்கள். முதல் அடையாளத்தை வண்டி தாண்டும்போது ஒரு நண்பர் கையைத் தாழ்த்தட்டும். மறு முனையில் நிற்பவர் கடிகாரத்தில் நொடிகளை எண்ணட்டும். 180-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்பது கிடைக்கும். ஐந்து நொடி என்றால் 36; இரண்டரை நொடி என்றால் 72. உங்கள் எதிர்வினை நேரத்தால் விடையில் சிறு பிழை வரும். அந்தப் பிழை எவ்வளவு என்பதையும் கணக்கிடப் பாருங்கள்.

காலையில் பள்ளி தொடங்கும் நேரத்திலும் மாலையில் விடும் நேரத்திலும் ஐம்பது ஐம்பது வண்டிகளை அளந்து அட்டவணை தயாரியுங்கள். எத்தனை வண்டிகள் 49 மீட்டருக்குள் நிற்க முடியாதவை? எத்தனை பேர் தலைக்கவசம் அணிந்திருந்தார்கள்? பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் அணிந்திருந்தார்களா? அட்டவணையைத் தலைமையாசிரியர் வழியாக ஊராட்சிக்கோ நெடுஞ்சாலைத் துறைக்கோ அனுப்பி, வேகத்தடையும் பாதசாரிக் கோடும் கேளுங்கள். எண்களோடு கேட்கும்போது, "எல்லாம் தலைவிதி" என்று பதில் சொல்ல யாருக்கும் எளிதாக இராது.